ஸ்டோடார்ட், ஆண்ட்ரூ எர்னஸ்ட் (1863–1915)

இங்கிலாந்தின் கிரிக்கெட் அணிக்கும் ரக்பி அணிக்கும் தலைமையேற்ற மிகச் சிலருள் ஒருவர். வடகிழக்கு இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸை அடுத்த வெஸ்டோவில் பிறந்தார், இளமையிலேயே லண்டன்வாசியானார்.

1886 ஆகஸ்ட் 4 அன்று ஹாம்ப்ஸ்டெட் கழகத்துக்காக ஆடி, ஸ்டோயிக்ஸ் அணிக்கு எதிராக 485 ஓட்டங்கள் எடுத்தார். அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. முந்தைய இரவு முழுவதும் சீட்டாடிவிட்டு வந்து ஆடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஹாம்ப்ஸ்டெட் 813 ஓட்டங்கள் குவித்தது. டிக்ளேர் செய்ய அன்றைய விதி இடம் தராததால் எதிரணிக்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாக டிக்ளேர் செய்த தலைவரும் இவரே (லார்ட்ஸ், 1893). ரக்பியில் இங்கிலாந்துக்கு இவர் கடைசியாகத் தலைமை தாங்கியதும் அவ்வாண்டில்தான்.

1887-இல் கிரிக்கெட் ஆட ஆஸ்திரேலியா சென்றவர், அங்கேயே தங்கி 1888-இல் பிரித்தானியத் தீவுகளின் முதல் ரக்பிச் சுற்றுப்பயண அணியில் சேர்ந்தார். அணித்தலைவர் ராபர்ட் செடன் ஹன்டர் ஆற்றில் மூழ்கி இறக்கவே, பொறுப்பு இவரிடம் வந்தது. அப்பயணத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நடந்தன. சரியான எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. இங்கிலாந்துக்காக 1885 முதல் 1893 வரை 10 ரக்பி ஆட்டங்களில் ஆடினார்.

இவர் புகழின் உச்சம், இவர் தலைமை தாங்கிய 1894–95 ஆஸ்திரேலியப் பயணம். சிட்னியில் நடந்த முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 586 ஓட்டங்கள் எடுத்தது; இங்கிலாந்து 325-இல் சுருண்டு ஃபாலோ-ஆன் பெற்றது. இரண்டாம் இன்னிங்ஸில் 437 எடுத்தும் எதிரணிக்கு இலக்கு வெறும் 177. ஐந்தாம் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 2 விக்கெட் இழப்புக்கு 113. அன்றிரவு மழை கொட்டியது. மறுநாள் வெயிலில் காய்ந்த ஆடுகளத்தில் பாபி பீல் 6 விக்கெட் வீழ்த்த, இங்கிலாந்து 10 ஓட்டங்களில் வென்றது. ஃபாலோ-ஆன் பெற்ற அணி டெஸ்டில் வென்றது அதுவே முதல் முறை. இரவு அளவின்றிக் குடித்திருந்த பீலைத் தலைவரே குளிர்நீரில் நிறுத்தித் தெளியவைத்தார் என்பர் சிலர். அடுத்த டெஸ்டில், மெல்பர்னில், முதல் இன்னிங்ஸில் 75-இல் வீழ்ந்த அணியை ஸ்டோடார்ட் 173 எடுத்து மீட்டார். ஆஸ்திரேலிய மண்ணில் இங்கிலாந்துத் தலைவர் ஒருவரின் மிக உயர்ந்த எண்ணிக்கையாக அது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நிலைத்தது. தொடர் 3–2 என இங்கிலாந்துக்குக் கிட்டியது.

1897–98 பயணத்தின்போது தாயார் மறைந்தார். தொடரும் 1–4 எனத் தோல்வியில் முடிந்தது. மொத்தம் 16 டெஸ்டுகளில் 996 ஓட்டங்கள் எடுத்துள்ளார்.

ஓய்வுக்குப் பின் லண்டன் குவீன்ஸ் கழகத்தின் செயலாளராக இருந்தார். 1915 ஏப்ரலில் (3 என்றும் 4 என்றும் நூல்கள் குறிக்கின்றன) லண்டனில் தம் இல்லத்தில் தற்கொலை செய்துகொண்டார். டேவிட் ஃப்ரித் எழுதிய இவருடைய வாழ்க்கை வரலாறு 1970-இல் வெளிவந்தது.