ஒன்பதாண்டு மௌனம்

1944 டிசம்பர். போர்முனையில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் 19 வயது ஜான் மெக்நீலும் ஒருவர். ஊர் பஃபலோ, ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். கைதிகளுக்குக் கொடும் பட்டினி. ஒருநாள் மாட்டுத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்த அடிமைத் தொழிலாளி ஒருவர், காவலர் பார்த்தால் உயிர் போய்விடும் என்று தெரிந்தும், ஒரு உருளைக்கிழங்கை இவர் பக்கம் வீசினார். மெக்நீல் சைகையில் நன்றி சொன்னார். பதிலுக்கு அந்த மனிதர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்தார். தன் தேவ அழைத்தல் அங்கே தொடங்கியதாகவே மெக்நீல் கடைசிவரை சொல்லி வந்தார்.

1948இல் சேசு சபையில் சேர்ந்தார், 1959இல் குருப்பட்டம். தன் ஈர்ப்பு ஆண்கள்மீதுதான் என்பது அங்கியை அணிந்ததால் மாறிவிடவில்லை.

1976இல், சபை மேலிடத்தின் அனுமதியோடு, திருச்சபையும் தற்பாலீர்ப்பாளரும் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சோதோம் நகரின் பாவம் விருந்தாளிகளுக்கு இழைத்த கொடுமையே என்றும், இருவருக்கிடையே உண்மையான அன்பு இருந்தால் அதைப் பாவம் என்று தள்ள முடியாது என்றும் அதில் வாதாடினார். தானும் அப்படிப்பட்டவனே என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டே அந்த அனுமதியை ரோம் திரும்பப் பெறவைத்தது. இந்த விஷயத்தைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர் அல்லவா, பணிந்தார். ஆனால் அவர் உளவியல் சிகிச்சையாளரும்கூட. வாயைக் கட்டியவர்கள் காதைக் கட்ட மறந்துவிட்டார்கள். தம்மைத் தாமே வெறுக்கக் கற்பிக்கப்பட்ட கத்தோலிக்கர்கள் அவர் முன் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்.

1986 அக்டோபரில் ரோமிலிருந்து, கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்ட கடிதம் ஆயர்களுக்கு வந்தது. தற்பாலீர்ப்பே ஒழுங்கு குலைந்த நாட்டம் என்றது அது. திருச்சபையின் போதனையை ஏற்காத அமைப்புகளுக்கு ஆதரவு கூடாது என்றும் சொன்னது. எய்ட்ஸால் நியூயார்க்கில் இளைஞர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். மெக்நீல் மௌனத்தை உடைத்தார். 1987இல் சேசு சபை அவரை வெளியேற்றியது. கிட்டத்தட்ட 40 ஆண்டு உறவு அறுந்தது. மன்ஹாட்டனில் ஒரு சேசு சபைக் கோயிலில் ‘டிக்னிட்டி’ என்ற தற்பாலீர்ப்புக் கத்தோலிக்கர் அமைப்புக்காக நடந்துவந்த திருப்பலியும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. அந்தக் கோயிலின் பெயர் புனித சவேரியார்.

சபை கைவிட்டாலும் மெக்நீல் நம்பிக்கையை விடவில்லை. புத்தகங்கள் எழுதினார், தியானங்கள் நடத்தினார், தன்னைக் குருவாகவே கருதினார். 2008இல், பல பத்தாண்டுகள் உடன் வாழ்ந்த சார்லஸ் சியாரெல்லியை டொரண்டோவில் சட்டப்படி மணந்தார்.

2015 செப்டம்பர் 22 அன்று ஃப்ளோரிடாவில் 90 வயதில் காலமானார். அதே நாள் போப் பிரான்சிஸின் விமானம் வாஷிங்டன் அருகே வந்து இறங்கியது.