வடம் பற்றி வானேறுதல்

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் நேயர்கள், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே கூம்பிநிற்கும் சிவனொளிபாத மலையைக் கண்டிருப்பீர்கள். 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியிலிருந்து விண்ணுக்கே வடம் கட்டி ஏறலாம் என்று ஒருவர் கதை புனைந்தார். அவர், 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 'சுவர்க்கத்து நீரூற்றுகள்' என்ற அந்நாவல் 1979இல் வெளிவந்தது.

ரொக்கெட்டு இருக்க வடம் எதற்கு? ரொக்கெட்டு வாயுவைப் பின்னே உமிழ்ந்து, அதன் எதிர்விசையால் முன்னே பாய்கிறது. உமிழும் பொருளையும் அதுவே சுமந்தாக வேண்டும். அச்சுமையைத் தூக்க மேலும் எரிபொருள். அதனைத் தூக்க இன்னும் எரிபொருள். இக்கணக்கை 1903இல் சூத்திரமாக்கி வெளியிட்டவர் சியோல்கோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பள்ளி ஆசிரியர். 1969இல் மூவரைச் சந்திரனுக்கு அனுப்பிய ரொக்கெட்டின் எடை ஏறத்தாழ 2,900 தொன். சந்திரனை நோக்கிச் சென்றதோ சுமார் 45 தொன். ஒரு மூட்டை நெல்லைச் சந்தை சேர்க்க, வண்டிமாட்டுக்கு அறுபது மூட்டை தீனி ஏற்றிய கதைதான்!

வானளாவும் கோபுரம் ஒன்றை 1895இலேயே சியோல்கோவ்ஸ்கி கற்பனை செய்தார். 1960இல் ஆட்சுதானொவ் என்ற லெனின்கிராட் பொறியியலாளர் அதனைத் தலைகீழாக்கினார். பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் கோள், பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஓரிடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். அங்கிருந்து ஒரு வடத்தைக் கீழே தொங்கவிட்டு, மறுபுறம் எதிர்ப்பாரம் கட்டலாம் என்றார்.

மலைநாட்டாருக்கு இது அந்நியமன்று. மேட்டிற் பறித்த கொழுந்தைக் கம்பியிற் கோத்துப் பள்ளத்துத் தொழிற்சாலைக்கு இறக்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்ததே! மூட்டைக்குள் எரிபொருள் எதுவும் வைக்கப்படவில்லை. விண்வடத்திலும் ஏறும் பெட்டிக்கு வெளியிலிருந்து மின்சக்தி ஊட்டலாம். இறங்கும் பெட்டியின் சக்தியை ஏறுவதற்குத் திருப்பலாம்.

சிவனொளிபாதமோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. கிளார்க் தயங்கவில்லை, நாவலில் இலங்கையையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இரட்டித்தார். எழுத்தாளருக்குள்ள இவ்வுரிமை பொறியியலாளருக்கு ஏது? மலைமேல் வாழும் துறவிகள் இடங்கொடுக்க மறுப்பது கதையிலுள்ள சிக்கல். உண்மையான சிக்கல் வடத்திலேயே இருக்கிறது. எஃகு வடம் சில பத்துக் கிலோமீற்றர் நீளத்திலேயே தன் பாரம் தாளாமல் அறுந்துவிடும். 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமா விளக்கிக் காட்டிய நுண்ணிய கரிக்குழாய்கள் போதிய வலிமை தரக்கூடும் என்று கணக்கிடுகின்றனர். ஆயினும் குறையற்ற தனியிழையை முழக்கணக்கில் வளர்ப்பதே ஆய்வுகூடங்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. வடத்துக்கு வேண்டியதோ முப்பத்தாறாயிரம் கிலோமீற்றருக்கும் மேல்.