பின் அச்சும் ஸ்விங் ஆர்மும்: பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் பாகம் செய்யும் தொழிலின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை இரண்டு உறுப்புகள் தாங்குகின்றன. சக்கரத்தின் நடுவே குறுக்காகச் சென்று, அது சுழல்வதற்கு ஆதாரமாக நிற்கும் எஃகுத் தண்டு பின் அச்சு எனப்படும். பட்டறைகளில் ஆக்சில் என்றும் ஸ்பிண்டில் என்றும் இதற்குப் பெயர். அந்த அச்சை இருபுறமும் பற்றிக்கொண்டு, முன்முனையில் ஒரு மூட்டுத் தண்டினால் சட்டகத்தோடு இணைந்து, சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசையும் கவை போன்ற உறுப்பு ஸ்விங் ஆர்ம். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு இவற்றைப் புதிதாகச் செய்துதரும் தொழில், ஆலைகள் மூடப்பட்ட பிறகு வேறு வழியின்றித் தோன்றிய ஒட்டுவேலை என்றே பலரும் கருதுகின்றனர். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. ஸ்விங் ஆர்மின் இன்றைய வடிவம் பரவியதில் ஆலைக்கு வெளியே இயங்கிய கைவினைஞர்களின் பங்கு பெரிது. இத்தொழிலின் உண்மையான முதலீடும் அளவெடுத்து நகலெடுக்கும் திறன் அன்று, ஒரு பாகம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்ற அறிவே ஆகும்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கத்தில் ஸ்பிரிங் கிடையாது. மிதிவண்டியில் உள்ளதுபோலப் பின் அச்சு சட்டகத்தின் இரு முனைப் பிளவுகளில் நேரடியாக முடுக்கப்பட்டது. சாலையின் அதிர்ச்சி முழுவதையும் டயரும், இருக்கையின் அடியிலிருந்த ஸ்பிரிங்குகளும், ஓட்டுநரின் முதுகெலும்பும் ஏற்றுக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16எச், மாட்ச்லெஸ் ஜி3எல் ஆகிய மூன்றும் இந்த அசையாச் சட்டக வகையைச் சேர்ந்தவையே. மாற்று முயற்சிகளும் இல்லாமல் இல்லை. பிலிப் வின்சென்ட் 1928-இல், சட்டகத்தின் பின்பகுதி முழுவதும் முக்கோணமாக ஒரு மூட்டில் அசையும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெலோசெட் நிறுவனம் 1936-இல் தன் பந்தய வண்டிகளில் காற்றழுத்தக் குழாய்கள் தாங்கிய ஸ்விங் ஆர்மைப் பயன்படுத்தியது.

ஆயினும் 1930-களின் இறுதியிலும் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் செல்வாக்குப் பெற்றது பிளஞ்சர் என்ற அமைப்புதான். இதில் அச்சின் இரு முனைகளும் தனித்தனி ஸ்பிரிங் குழாய்களுக்குள் செங்குத்தாக ஏறி இறங்கும். 1938-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 51 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இடப்பக்கக் குழாயையும் வலப்பக்கக் குழாயையும் இணைத்து நிறுத்த இவ்வமைப்பில் அச்சைத் தவிர வேறு உறுப்பு எதுவும் இல்லை. எனவே வளைவில் சக்கரத்தைச் சாய்க்கும் விசை முழுவதும் அச்சையும் அதன் பிடிமானத்தையும் முறுக்கியது. பிளஞ்சர் வண்டிகளின் அச்சு தடிமனாகவும் இறுக்கமான பொருத்தத்துடனும் இருக்க வேண்டியதாயிற்று. டிரையம்ப் நிறுவனத்தின் எட்வர்ட் டர்னர் இன்னொரு வழியை எடுத்தார். ஸ்பிரிங்குகளைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடைத்து, அசையாச் சட்டகம் கொண்ட வண்டியிலும் அப்படியே மாட்டக்கூடிய ஸ்பிரிங் குடத்தை அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். எடை மிகுந்த அந்தக் குடத்தில், அழுத்தி அடைக்கப்பட்ட ஸ்பிரிங்குகள் தெறிக்கும் அபாயம் இருந்ததால், உரிய கருவியின்றிப் பிரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

திருப்பம் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து வந்தது. ரெக்ஸ் மெக்காண்ட்லஸ், குரோமி மெக்காண்ட்லஸ் என்ற சகோதரர்கள் 1940-களில், அசையாச் சட்டக வண்டிகளின் பின்பகுதியை மாற்றி ஸ்விங் ஆர்ம் பொருத்தும் தொகுப்பு ஒன்றை உருவாக்கினர். அதிர்ச்சி தாங்கிகளுக்கு அவர்கள் முதலில் நாடியது சிட்ரோயன் காரின் உறுப்புகளை. அந்தத் தொகுப்பைப் பின்னர் ஃபெரிடாக்ஸ் என்ற வணிக நிறுவனம் விற்றது. பழைய வண்டிக்குப் புதிய ஸ்விங் ஆர்ம் என்பது இவ்வாறு பழுது நீக்கமாக அல்லாமல் முன்னேற்றமாகவே தொடங்கியது. ரெக்ஸ் மெக்காண்ட்லஸின் சட்டகத்தை நார்ட்டன் நிறுவனம் ஏற்று, ஃபெதர்பெட் என்ற பெயரில் 1950-இல் பந்தயத்தில் இறக்கியது; அவ்வாண்டு ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. போட்டியில் ஜெஃப் டியூக் அதில் வென்றார். ஆலை பின்பற்றியது; வழி காட்டியது பட்டறை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இத்திசையில் முந்திக்கொண்டது. 1948-இல் ஸ்விங் ஆர்ம் பொருத்திய புல்லட் வண்டிகள், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் தாங்குதிறன் போட்டியில் பிரிட்டிஷ் அணிக்காக ஓடின. சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் ஆகிய இரு ஓட்டுநர்களும் தங்கப் பதக்கம் பெற்றனர். மறு ஆண்டு 350 சி.சி. புல்லட் விற்பனைக்கு வந்தது. வேகத்தாலும் கரடுமுரடான பாதையாலும் ஸ்விங் ஆர்ம் நொறுங்கிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அந்தப் பதக்கங்களே பதிலாயின.

பின் அச்சின் கதையோ மோட்டார் சைக்கிளை விடப் பழையது. 1842-இல் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் பொறியாளர் வில்லியம் ரேங்கின், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் தண்டின் தடிமன் திடீரென மாறும் கூர்மூலையில் தொடங்கி நாளடைவில் உள்நோக்கி வளர்கிறது என்று காட்டினார். அந்த மூலையை வளைவாகக் கடைய வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வு. பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர், ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையை விடக் குறைவான சுமையும் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறிக்கும் என்பதைச் சோதனைகளால் நிறுவினார். உலோகச் சோர்வு என்று இன்று அறியப்படும் இவ்வுண்மை, பழைய வண்டிக்கு அச்சு கடைபவர் அறிந்தே தீர வேண்டிய முதல் பாடம். அச்சின் ஒரு முனையில் தலையோ தோளோ உடலைச் சேரும் இடத்தில், ஒரு மில்லிமீட்டர் ஆரத்தில் விடப்பட்ட சிறு வளைவு பார்வைக்கு அலட்சிய வேலைபோலத் தோன்றலாம். அழகுக்காக அதைக் கூராக வெட்டி எடுத்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும்.

1950-களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் ஒவ்வொரு கிளையாக உதிர்ந்தது. வின்சென்ட் 1955-இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியை நிறுத்தியது. ரெட்டிச் ஆலை 1967-இலும், ராயல் என்ஃபீல்டின் கடைசி பிரிட்டிஷ் ஆலை 1970-இலும் மூடப்பட்டன. வெலோசெட் 1971-இல் முடிவுற்றது. வண்டிகள் ஓடின, பாகம் செய்தவர்கள் இல்லை. இந்த இடைவெளியை இரு தரப்பினர் நிரப்பினர். ஒரு தரப்பினர் உரிமையாளர் கழகங்கள். வின்சென்ட் கழகத்தார் உதிரிபாகத்துக்கென்றே தனி நிறுவனம் தொடங்கி, பாகங்களை ஒவ்வொன்றாக மீண்டும் செய்வித்து, இறுதியில் அவற்றைக் கொண்டே ஒரு முழு வண்டியைப் புதிதாகக் கட்டிக் காட்டினர். மற்றொரு தரப்பினர் தனிச் சட்டகம் கட்டுவோர். ரிக்மேன் சகோதரர்களும், டிரெஸ்டா பட்டறையின் டேவ் டீகன்ஸும் இவ்வழியில் பெயர் பெற்றவர்கள். டீகன்ஸ் தாம் கட்டிய வண்டியில் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர்.

1970-களில் ஜப்பானிய வண்டிகள் இத்தொழிலுக்குப் புதிய வேலையைத் தந்தன. அவற்றின் எஞ்சின் ஆற்றல் சட்டகத்தின் வலுவை மிஞ்சியது; ஹோண்டா சி.பி. 750 போன்றவற்றில் ஸ்விங் ஆர்மின் மூட்டுத் தண்டைச் சுற்றியிருந்த புஷ், அதாவது தேய்மானத்தைத் தான் ஏற்கும் உருளைக் கூடு, உலோகமாக இல்லாமல் பிசின் கலவையாக இருந்தது. மூட்டில் இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம் 200 மில்லிமீட்டர், மூட்டிலிருந்து அச்சு 500 மில்லிமீட்டர் என்று கொண்டால், மூட்டில் தோன்றும் ஆட்டம் அச்சில் இரண்டரை மடங்காகப் பெருகும். அதிவேகத்தில் வண்டி நெளிவதற்கு அதுவே காரணமாகலாம். ஆகவே வெண்கலப் புஷ்ஷும் ஊசி உருளைத் தாங்கியும் கடைந்து விற்கப்பட்டன. உருண்டைக் குழாய்க்குப் பதிலாகப் பெட்டி வடிவக் குழாயில் ஸ்விங் ஆர்ம்கள் பற்றவைக்கப்பட்டன. அலுமினியத்தில் செய்தபோது உலோகத் தேர்வும் சோதனையாயிற்று. 6061 என்ற கலவை பற்றவைப்பின் வெப்பத்தால் அந்த இடத்தில் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும், மறுபடியும் சூளையில் பதப்படுத்தினால்தான் மீளும். 7020 என்ற துத்தநாகக் கலவையோ அறை வெப்பத்திலேயே சில வாரங்களில் வலுவை மீட்டுக்கொள்ளும். இது பெரிய சூளை இல்லாத சிறு பட்டறைகளுக்குக் கைகொடுத்தது.

இவ்வரலாற்றின் மற்றொரு கிளை சென்னையில் வளர்ந்தது. இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்ததைத் தொடர்ந்து, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பூட்டப்பட்டன, சில ஆண்டுகளில் அனைத்தும் இங்கேயே செய்யப்பட்டன. தாய் ஆலை மூடிய பிறகும் 1940-களின் வடிவமைப்பு இங்கே உயிரோடு இருந்தது; 1977 முதல் இந்தியப் புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், போர்க்கால உபரியாக வந்த பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளுக்கு அயல்நாட்டு உதிரிபாகம் கிடைப்பது அரிதாயிருந்தது. புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகளும் லேத் பட்டறைகளுமே அவற்றுக்குப் புகலிடமாயின.

அப்பட்டறைகளில் பிரிட்டிஷ் பொறியியலின் தடம் இன்றும் அழியவில்லை. போர்க்காலத்தில் 1941-இல் வெளியான பிரிட்டிஷ் தரநிலை எஃகு வகைகளுக்கு இட்ட இ.என். எண்களைப் பிரிட்டனே பின்னர் மாற்றிவிட்ட போதிலும், தமிழகத்தின் லேத் பட்டறைகளில் இன்றும் எஃகு வாங்குவது இ.என். 8, இ.என். 24 என்று கேட்டுத்தான். முன்னது ஏறக்குறைய 0.4 விழுக்காடு கரி கொண்ட சாதாரண எஃகு. பின்னது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த, பதப்படுத்தினால் மிகுந்த வலுவேறும் எஃகு. மரையிலும் அதே மரபு தொடர்கிறது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் அச்சு முனைகளில் பெரும்பாலும் மிதிவண்டி மரை என்ற வகை வெட்டப்பட்டது. அங்குலத்துக்கு 26 அல்லது 20 மரை, 60 பாகைக் கோணம். அதே வண்டியின் வேறு இடங்களிலோ 55 பாகைக் கோணம் கொண்ட விட்வொர்த் மரை இருக்கும். மெட்ரிக் நட்டை அதில் வலிந்து ஏற்றினால் ஓரிரு சுற்றில் மரை அழிந்துவிடும், அல்லது இறுகியதுபோல் தோற்றம் காட்டி ஓட்டத்தில் தளரும்.

புதிய அச்சு ஒன்றைச் செய்யும் முறையைக் கூர்ந்து நோக்கினால் இவ்வறிவுகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடுவதைக் காணலாம். தேய்ந்த பழைய அச்சை அளந்தால் தேய்மானமும் அளவில் சேர்ந்துவிடும். எனவே அச்சு புகும் பேரிங்கின், அதாவது உருளைத் தாங்கியின், உள்விட்டமே தலையாய அளவு. இரு பேரிங்குகளுக்கு இடையே நிற்கும் ஸ்பேசர் என்னும் இடைக்குழாய், அவற்றின் உள்வளையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை விடச் சற்றே குட்டையானாலும் நட்டை முடுக்கும்போது பேரிங்குகள் பக்கவாட்டில் நசுங்கி விரைவில் அழியும். பிந்தைய வண்டியின் சக்கரத்தை முந்தைய ஸ்விங் ஆர்மில் பொருத்தும்போது இச்சிக்கல் பெருகும். அச்சின் விட்டம், ஸ்பேசர்களின் நீளம், செயின் செல்லும் நேர்கோடு, பிரேக்கின் சுழற்சியைத் தாங்கும் கம்பி ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டும். கடைசி வேலையான முலாம் பூச்சிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மின்முலாம் இடும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, வலு மிகுந்த எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். முலாம் முடிந்த உடனேயே ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால், பளபளக்கும் புது அச்சு எச்சரிக்கையின்றி முறியலாம்.

இங்குதான் இருவகைப் பட்டறை மரபுகளின் வேறுபாடு துலங்குகிறது. பிரிட்டனின் உரிமையாளர் கழகங்கள் கடைசல்காரரின் திறமையை மட்டும் நம்பவில்லை. வரைபடத்தையும் எஃகின் வகையையும் பொருத்த அளவுகளையும் எழுத்தில் காத்தன. தமிழகப் பட்டறைகளில் கைத்திறன் குறைவன்று. ஆனால் அறிவு பெரும்பாலும் ஆசான் கையிலிருந்து சீடன் கைக்கே செல்கிறது, தாளில் ஏறுவதில்லை. ஒரு தலைமுறை தொழிலை விடும்போது அந்த அறிவும் உடன் போய்விடுகிறது; அடுத்தவர் தேய்ந்த பாகத்தை அளந்து, கூர்மூலையோடு, கிடைத்த எஃகில் கடைகிறார்.

உயிரைத் தாங்கும் இத்தகைய பாகத்துக்கு அது போதாது. பழைய வண்டியைப் போற்றும் ஒவ்வொருவரும் தாம் செய்வித்த அச்சுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஒரு வரைபடம், எஃகின் பெயர், மரையின் வகை, பதப்படுத்திய முறை ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும்; பட்டறைகளும் அவற்றைக் கொடுப்பதைத் தம் வேலையின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும். தமிழகத்தின் பாலிடெக்னிக்குகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மூத்த கடைசல்காரர்களின் அனுபவத்தைப் பதிவு செய்ய முன்வந்தால், எழுதப்படாத ஒரு பொறியியல் மரபு அழியாமல் அடுத்த தலைமுறைக்குக் கிட்டும்.