கையுறையைக் கழற்றிய பிறகு

விளையாட்டு வீரர்கள் கோடி கோடியாக உழைப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பணத்துக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பது குறைவு. அமெரிக்காவின் இரண்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியன்களின் கதையை இன்று பார்ப்போம்.

முதலாமவர் ஜோ லூயிஸ். 1937 முதல் 1949 வரை உலகச் சம்பியன். 1942 இல், போர்க்காலத்தில், இரண்டு போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். அந்தப் பணமும் அவருடைய வருமானமாகவே வரிக் கணக்கில் சேர்ந்தது. கை தாராளம், கணக்கு வழக்கு மற்றவர்கள் கையில். வரிக்கடன் வட்டியோடு ஏறியது. அதை அடைக்க 1950 இல் மறுபடியும் மேடை ஏறி எஸார்ட் சார்ள்ஸிடம் தோற்றார். அடுத்த வருடம், 37 வயதில், ரொக்கி மார்சியானோவிடம் அடிபட்டு விழுந்தார். பிற்காலத்தில் லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார்.

இரண்டாமவர் ஜோர்ஜ் ஃபோர்மன். 1974 இல் முஹம்மத் அலியிடம் பட்டத்தை இழந்தவர் என்றால் பலருக்கும் உடனே விளங்கும். 1977 இல் குத்துச்சண்டையை விட்டு மதபோதகரானார். ஹூஸ்டனில் இளைஞர் நிலையம் ஒன்றையும் நடத்தினார். அதற்குப் பணம் போதாமல் 1987 இல் அவரும் மேடைக்குத் திரும்பினார். 1994 இல், 45 வயதில், மீண்டும் உலகச் சம்பியன்!

இதுவரை இருவர் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரிவது இங்கேதான். அதே காலத்தில், இறைச்சியின் கொழுப்பு வழிந்தோடும்படி சரிவாகச் செய்த ஒரு மின்சார கிரிலுக்கு ஃபோர்மன் தன் பெயரைக் கொடுத்தார். விளம்பரக் கூலியோடு நிற்காமல் இலாபத்தில் பங்கு பெற்றார். கிரில் வீட்டுக்கு வீடு போனது. 1999 இல் சோல்டன் நிறுவனம் அவருடைய பெயரைப் பயன்படுத்தும் உரிமையை 137.5 மில்லியன் டொலருக்குப் பணமாகவும் பங்குகளாகவும் வாங்கியது. குத்துச்சண்டையில் உழைத்ததை விட அது அதிகம்.

கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கல் ஜோர்டனும் இதே வழிதான். 15 பருவங்கள் விளையாடி அவர் பெற்ற சம்பளம் மொத்தம் 100 மில்லியன் டொலருக்கும் குறைவு. 1984 இல் நைக்கியோடு செய்த ஒப்பந்தம், விற்கும் சப்பாத்திலிருந்து இன்றும் அவருக்குப் பங்கு கொண்டுவருகிறது.

லூயிஸ் திறமையிலோ உழைப்பிலோ குறைந்தவரல்லர். அவருடைய வருமானம் முழுவதும் உடம்பில் தங்கியிருந்தது. உடம்பு தளர, வருமானமும் நின்றது.

எமது பிள்ளைகளும் மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று போகிறார்கள். பந்து வீசப் பயிற்றுவிப்பாளர் பழக்குவார். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வாசிக்கவும், வரிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கவும் யார் பழக்குவது? கணிதமும் வணிகக் கல்வியும் படிப்பிக்கும் நாம்தானே?