ராணுவப் பயிற்சி: விழாமலே கால் எலும்பில் விரிசல் வருவது ஏன்?

யாரும் தள்ளவில்லை, நீங்கள் விழவும் இல்லை. ஆனாலும் எலும்பில் விரிசல். ராணுவப் பயிற்சியில் அடிக்கடி வரும் இந்தக் காயத்துக்கு 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்' என்று பெயர். நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட் பதிவு செய்தார். காரணம் விரிசல்தான் என்பது எக்ஸ்ரே வந்த பிறகே தெரிந்தது.

நீங்கள் சிடிஎஸ் தேர்வில் ஜெயித்து, சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ-வில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த கால்களுக்கு இன்று ஓட்டம், டிரில், முதுகில் சுமை. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. புதிய சுமை வந்தால் உடல் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைக்கும். புதியதைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பழைய சுவரை இடித்தாச்சு, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்கிற நிலை அது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் 'இப்போதான் ஃபிட் ஆகிட்டோம்' என்று தோன்றும். எலும்பு பலவீனமாக இருப்பதும் அப்போதுதான்.

எந்த வலியைக் கவனிக்க வேண்டும்?

முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரமாக நீளவாக்கில் வலித்தால், பெரும்பாலும் 'ஷின் ஸ்பிளின்ட்'. ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலி, அதுவும் ராத்திரியில் படுத்திருக்கும்போதும் வலி என்றால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே 'நார்மல்' என்றே வரலாம், எம்ஆர்ஐ-யில் தெரியும். தொடை இடுப்போடு சேரும் இடத்தில் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். அங்கே விரிசல் முழு முறிவானால் அறுவை சிகிச்சைதான்.

பலர் மாத்திரை போட்டு மறைப்பது, அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தால். பயம் நியாயமானதே. ஆனால் சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் சில வார ஓய்வில் சரியாகும். மறைத்தால் பயிற்சியே போகலாம். காயத்தால் வெளியேற்றப்படும் அதிகாரிப் பயிற்சியாளர்கள் 'முன்னாள் ராணுவத்தினர்' கணக்கில் வருவதில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவர்களின் நிலையைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்தது.

சேரும் முன் என்ன செய்யலாம்?

அக்னிவீர் தேர்வில் 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். அதனால் பலர் கடைசி மாதத்தில் வேகத்தை மட்டும் விரட்டுகிறார்கள். பல மாதங்கள் முன்பே தொடங்கி, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே எலும்புக்கு நல்லது. கெண்டைக்கால், தொடைக்கு வலுப்பயிற்சியும், இடையிடையே ஓய்வு நாளும் வேண்டும். வெறும் ஸ்ட்ரெச்சிங் போதாது. எடை குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் உடலுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே விரிசல் இருந்தால், வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகே பிசியோதெரபிஸ்ட் ஓடவிடுவார். அதுவும் முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற மாதிரிதான்.