மொழி தெரிந்தவன் வரி கேட்டான்

தர்மபுரிப் பக்கம் பேச்சுன்னா ஒரே மொழிப் பேச்சு இல்லை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, சந்தையில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். அந்தத் தமிழிலும் 'வந்துகினு', 'போயிகினு' என்று ஓடும் பேச்சை மதுரைக்காரர் கொஞ்சம் காது கொடுத்துத்தான் கேட்கணும்.

இந்தக் காதுப் பிரச்சினை 1792இல் அரசாங்கப் பிரச்சினை ஆனது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. (பெயரே கலப்படம்தான்: 'பாரா' இந்துஸ்தானிப் பன்னிரண்டு, 'மகால்' அரபி வழி வந்த வருவாய்ச் சொல்.) சென்னையின் சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகள் தெரியவில்லை என்பதால், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை ஒதுக்கிவிட்டு அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவக்காரரை நியமித்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் சிப்பாய்ப் பயிற்சிக்காரராகச் சென்னையில் இறங்கி, பாளையத்தில் இருந்தபடியே பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தவர். 1799 வரை தர்மபுரி அவர் ஊர்.

வங்காளத்தில் 1793இல் வந்தது ஜமீன்தாரி. சில ஜமீன்தார்களிடம் பேச ஒரு துபாஷி போதும். ரீடும் மன்றோவும் இங்கே உருவாக்கிய ரயத்துவாரியில் ஒவ்வொரு உழவரிடமும் பேசியாக வேண்டும். எது நஞ்சை, எது புஞ்சை, எது தரிசு என்று வயல் வயலாகக் கேட்கணும். ஒரு சொல் பிசகினால் வரி பிசகும். நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவர் கையில்தான் உழவரின் கணக்கு.

மன்றோவை 'நம்ம மொழி படித்த நல்ல துரை' என்று புகழ்வது எனக்கு ஒட்டுவதில்லை. மொழி இங்கே அன்பின் அடையாளம் இல்லை, வசூலின் கருவி. பேச்சைப் பதிவு செய்யும் மென்பொருள்களோடு தினம் மல்லாடுகிறவனுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகவே வரும்: கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான்?

1812இல் இளம் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க சென்னைக் கோட்டைக் கல்லூரியே தொடங்கினார்கள். அங்கே படித்த தமிழ் பாலக்கோட்டுச் சந்தையில் எவ்வளவு எடுபட்டிருக்குமோ!

ஆனாலும் கேட்ட காது கொஞ்சம் மாறத்தான் செய்தது. பாராமகாலுக்குப் பின் கடப்பை, பெல்லாரி பக்கம் போன மன்றோ, 1807இல் அங்கே நிலவரியை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி எழுதினார். கம்பெனி அப்போது இசையவில்லை. 1820இல் அவரே சென்னை கவர்னராக வந்த பிறகுதான் அது குறைந்தது.