வயலினும் சுரக்குறிப்பும்

ஐரோப்பியர் வழியாகத் தமிழகம் புகுந்த வயலின், தன் நாட்டு எழுத்தாகிய ஐங்கோட்டு முறையை இங்கு வேரூன்றச் செய்யவில்லை. கருவியை ஏற்ற இசைவாணர் அதன் குறியீட்டை ஏலாது விட்டமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, பின்னர் எட்டயபுர அரசவையில் விளங்கினார். மேனாட்டார் நான்கு தந்திகளையும் மாறாச் சுருதிகளில் கூட்டுவர். ஆதலின் கோட்டின்மேலுள்ள புள்ளி, மாணவன் விரல் வைக்கவேண்டிய இடத்தை நேரே சுட்டும். நம்மவரோ பாடுவோர் சுருதிக்கேற்ப ச, ப, ச, ப எனக் கூட்டுவர். சுருதி ஏறினும் இறங்கினும், கூட்டிய தந்தியில் ரி, க முதலியவற்றின் விரல்முறை மாறுவதில்லை. எனவே தொடக்க மாணவனுக்குச் சுர எழுத்தே போதிய வழிகாட்டியாயிற்று. குறில் ஓர் அட்சரம், நெடில் இரண்டு. மேற்புள்ளி தாரம், கீழ்ப்புள்ளி மந்தரம். காற்புள்ளி ஓர் அட்சர நீட்டம். வரிசைகளையும் அலங்காரங்களையும் பயில இவையே போதும்.

கமகமே இடர்ப்பாடு. 1892 முதல் சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐங்கோட்டு முறையில் அச்சிடலானார். வாய்மொழியாக வழங்கியவை அழியாது நிற்றலும் பிறநாட்டார் அவற்றை அறிதலும் அவர் வேட்கை. ஆனால் விரலின் அசைவு முழுவதையும் புள்ளிகளாக எழுதின் ஏடு செறிந்து பயில்வோனை மயக்கும். விடின் இராகம் வெறுமையாகும். அவருடைய தூண்டுதலும் துணைசெய்ய, சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ இதற்கு வேறு வழி கண்டது. தெலுங்கெழுத்தில் அமைந்த அந்நூலில் சுரங்களின்மேல் கமகங்களுக்குத் தனிக் குறிகள் இடப்பட்டன. இவர் பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். அவராலேயே மகன்மை கொள்ளப்பட்டவர். கருவியைக் கற்ற குடும்பமே அதற்கேற்ற எழுத்தையும் அளித்தது எனல் மிகையாகாது.

ஐங்கோட்டு முறை பயனற்றதென்பது இதனாற் பெறப்படாது. இருபதாம் நூற்றாண்டில் கோடம்பாக்கத்துத் திரையிசைக் கூடங்களில் வயலினார் பலர் ஒருங்கே வாசிக்க நேர்ந்தபோது, அம்முறையே ஏற்றதாயிற்று. இன்று தாம்பரம் முதலிய தென்புறநகர்களில் பயிலும் மாணவனும் தான் கற்கும் இசைக்கேற்ப ஏட்டைத் தேர்தல் வேண்டும்.

பழைய இசைநூல்களைப் பதிப்பிப்போர்க்கும் இதிற் கடமை ஒன்றுண்டு. கமகக் குறிகளை நீக்கிச் சுரங்களை மட்டும் அச்சிடுதல், மெய்யெழுத்துகளின் புள்ளிகளை அழித்துச் செய்யுளைப் பதிப்பித்தல் போலாம்.